பாட்டி திருத்திய கோடு

(ஜெராமில் நடைபெற்ற அறநிதி ஆண்டுக் கூட்டத்தில் ஓவியர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் மேடையில் பேசிப் பழகாதவன். ஆயினும் இவ்வட்டாரத்திற்கு நான் பட்ட கடன் ஒன்று உண்டு. அதைச் சொல்லவே வந்தேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், இங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வண்ணம் தீட்ட வந்தேன். கோயில் குழுவினர் ஒரு நிபந்தனை வைத்தார்கள். வேலை முடியும்வரை லயத்து வீட்டிலேயே தங்க வேண்டும். மாலையில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுத்தர வேண்டும். சாப்பாடு வீட்டுக்கு ஒரு நாள் முறை. கலைஞர்களைத் தங்கவைத்து ஆதரிக்கும் திட்டம் நம் சிலாங்கூரிலேயே, குவாங்கில் உள்ள ரிம்புன் டஹானில், 1994 முதல் உண்டு. எனக்கு அந்தப் பேற்றை அளித்தவர்கள் தோட்டத்து மக்கள்.

கோயிலின் வெளிச்சுவரில் பால்மரக் காடு ஒன்றை வரைந்தேன். பலரும் பாராட்டினர். முப்பது ஆண்டுகள் மரம் வெட்டிய ஒரு பாட்டி மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, ஒங்க மரத்துல பால் ஒழுங்கா வராது. கோட்ட மாத்திப் போட்டிருக்கீங்க" என்றார். வெட்டு இடப்புறம் உயரத்தில் தொடங்கி வலப்புறம் தாழ்ந்து இறங்க வேண்டுமாம். பட்டைக்குள் பால் ஓடும் நாளங்கள் சற்றுச் சாய்ந்திருப்பதால், அப்படி வெட்டினால்தான் அதிக நாளங்கள் அறுபடும். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாகப் பெருகும் என்பதையும் அவரே சொன்னார். மறுநாள் ஒவ்வொரு மரமாகத் திருத்தினேன். என் ஆசிரியர்களின் வரிசையில் அந்தப் பாட்டிக்கும் இடமுண்டு.

எனக்கு முன்பும் ஒரு கலைஞர் இவ்வட்டாரத்தில் வாழ்ந்தார். பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே 1905இல் மலாயா வந்து, கோல சிலாங்கூர் வட்டாரத்து ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா அருகே, தென்னமாராம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவுக்கு வழிசெய்தவரும் அவரே. தமிழும் மலாயும் கற்றவர். பின்னர் துனீசியாவில் குடியேறினார். இங்கு வாழ்ந்த வாழ்விலிருந்து அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசைப் பெற்றது. நல்ல கலைஞர்; ஐயமில்லை. ஆனால் அவருடைய காட்டை அழித்து, மரம் நட்ட நம் முன்னோரால் அந்த நூலைப் படிக்க முடிந்திருக்குமா? கலைஞன் தங்கிய ஊருக்கு என்ன விட்டுச் செல்கிறான் என்ற கேள்வி, அன்று முதல் என்னை விடவில்லை.

குடமுழுக்கு முடிந்து கோலாலம்பூர் திரும்பினேன். கையால் எழுதும் விளம்பரப் பலகைகளுக்குப் பதில் கணினிப் பலகைகள் வந்தன. பிழைப்பு தள்ளாடியது. சில ஆண்டுகள் தூரிகையையே தொடவில்லை. இதற்கிடையில் அந்தத் தோட்டம் கைமாறியது. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். கோயில் இடம் மாறியது. நான் வரைந்த சுவரும் இடிந்தது. செய்தி கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்மையில் புதிய கோயிலுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு பெண்மணி பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுத் தந்துகொண்டிருந்தார். அன்று என்னிடம் படித்த சிறுமி. இன்று மூன்று பிள்ளைகளுக்குத் தாய். கரும்பலகையில் ஒரு பால்மரம். பால்வெட்டுக் கத்தியை அவர் பிடித்ததே இல்லை. ஆனால் கோடு இடமிருந்து வலமாகச் சரியாக இறங்கியிருந்தது. "பாட்டி சொன்னது சார்" என்றார். அன்று இரவே என் பழைய தூரிகைகளைத் தேடி எடுத்தேன்.

அன்பர்களே, கோபுரத்திற்கு வழங்குவது பெரும் புண்ணியம். அதோடு, ஆண்டுக்கு ஒரு கலைஞருக்கு ஓர் அறையும் மூன்று வேளை உணவும் வழங்க இந்த அறநிதி முன்வர வேண்டுமென வேண்டுகிறேன். பால் வெட்டிய தலைமுறையில் எஞ்சியிருப்போர் சிலரே. அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளையும் கலைஞரையும் அவர்கள் அருகே உட்கார வையுங்கள். ஓவியர் கிடைக்கவில்லையென்றால், சம்பளம் வேண்டாம், நானே வருகிறேன்.

அன்னை மாரியம்மன் அருள் அனைவருக்கும் கிட்டுவதாக.