தொண்டைப் புற்றும் "கரண்டு" வைத்தியமும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் தொண்டைப் புற்றுநோய். அதிலும் குரல் நாணில் ஆரம்பத்தில் தோன்றும் புற்று. "இதற்கா ஒரு கூட்டம், ஏதாவது புராணத்தைப் பிடித்துப் பேசக்கூடாதா?" என்று சிலர் நினைக்கலாம். புராணத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சக்கரவர்த்தியின் சங்கதியைக் கேளுங்கள். ஜெர்மனி தேசத்துப் பட்டத்து இளவரசர் பிரெடரிக் என்பவருக்கு 1887-ம் வருஷ ஆரம்பத்தில் குரல் கம்மிற்று. குரல் நாணில் சிறு கட்டி இருக்கக் கண்டார்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டுப் பார்த்தார்கள், மறுபடியும் வளர்ந்தது. தொண்டையைத் திறந்து அறுக்கவேண்டும் என்றார்கள் ஜெர்மன் டாக்டர்கள். லண்டனிலிருந்து வந்த மெக்கன்சி என்னும் நிபுணர் சதைத் துணுக்கு எடுத்துக் கொடுத்தார். அதைச் சோதித்ததில் புற்று தென்படவில்லை. ரண சிகிச்சை நின்றுபோயிற்று. நவம்பரில் அது புற்றுதான் என்று தெரிந்தது. 1888 மார்ச்சில் பட்டத்துக்கு வந்தவர், வாய் பேச முடியாமல் எழுதிக் காட்டியே 99 நாள் ஆண்டு, ஜூன் 15-ந்தேதி இறந்துபோனார்.

அவருக்குப் பணமில்லையா? பிரார்த்தனை செய்யப் பாதிரிகள்தான் இல்லையா? இல்லாதது ஒன்றுதான். எக்ஸ்-ரேயை ராண்ட்ஜன் கண்டது 1895-ல். ரேடியத்தைக் கியூரி தம்பதிகள் கண்டது 1898-ல். அப்புறம் 1920களில் பாரிஸ் நகரத்து டாக்டர் கூடார் என்பவர், கதிரை ஒரேயடியாகக் கொட்டாமல் தினம் கொஞ்சமாகப் பல வாரம் கொடுத்து, சுற்றியுள்ள சதை தாங்கும்படியே குரல்வளைப் புற்றை ஒழிக்கலாம் என்று காட்டினார். அன்று சக்கரவர்த்திக்கு இல்லாத வைத்தியம் இன்று நம் வண்டிக்காரத் தோழருக்கு இருக்கிறது. இதைத்தான் நம் ஜனங்கள் "கரண்டு வைக்கிறது" என்கிறார்கள். இதில் கரண்டு உடம்பில் பாய்வதுமில்லை, சூடு போடுவதுமில்லை.

பலன் என்ன? நாணோடு நிற்கும், நாணின் அசைவு கெடாத முதல் நிலையில் 100 பேருக்குக் கதிர் கொடுத்தால் ஏறத்தாழ 90 பேருக்குப் புற்று அங்கேயே ஒழிந்துபோகிறது, குரல்வளையும் தங்குகிறது. பக்கத்தில் பரவிவிட்ட இரண்டாம் நிலையில் ஏறத்தாழ 70, 80 பேருக்கு. நாணில் நிணநீர்க் குழாய்கள் குறைவு. ஆனபடியால் புற்று சீக்கிரம் கழுத்துக்கு ஓடுவதில்லை. அன்றியும், நாணில் கடுகளவு வந்தாலும் குரல் கம்மிக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. நாணுக்கு மேலே வரும் புற்றுக்கு இந்த இரண்டு சௌகரியமும் கிடையாது.

மீதிப் பத்துப் பேர் கதி என்ன என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அவர்களில் பலரைப் பின்னால் ரண சிகிச்சையால் காப்பாற்றலாம். ஆனால் சிலருக்குக் குரல்வளையையே எடுக்க நேரிடும். இதை டாக்டர்களே எண்ணி, அச்சிட்டு, உலகத்துக்குச் சொல்லுகிறார்கள். தாயத்துக் கட்டுகிறவன் பிழைத்தவனை மாத்திரம் எண்ணுகிறான். செத்தவனை விதியின் கணக்கில் எழுதிவிடுகிறான். அவனிடம் "நூற்றுக்கு எத்தனை?" என்று ஒருதரம் கேட்டுப் பாருங்களேன்!

நிற்க. நம்மவர்கள் கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, தாமதம். குரல் கம்மினால் கஷாயம், மிளகு, மந்திரிப்பு என்று ஆறு மாதம் ஓடிவிடுகிறது. மூன்று வாரத்துக்குமேல் கம்மல் நின்றால், பீடி பிடிக்கிறவராயிருந்தால் முக்கியமாக, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்க் குரல்வளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சதை எடுத்துச் சோதித்தால் "கத்தி பட்டுப் பரவிவிடும்" என்பது வெறும் புரளி. எல்லாக் கம்மலும் புற்றல்ல. ஆனால் பாராமல் தெரிவதெப்படி?

இரண்டாவது, பாதியில் ஓடிவிடுவது. வாரத்துக்கு 5 நாள் வீதம் ஐந்து, ஆறு வாரம் போகவேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் அச்சுப்போல ஒரு மூடி மாட்டி, அசையாமல் படுக்க வைப்பார்கள். சில நிமிஷம், வலியில்லை. வீட்டுக்கு வந்து குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சலாம், கதிர் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் இரண்டாம், மூன்றாம் வாரத்துக்குமேல் விழுங்கினால் வலிக்கும், கழுத்துத் தோல் கருக்கும், குரல் முன்னைவிட மோசமாகும். உடனே வீட்டிலுள்ளவர்கள் "வைத்தியம் கெடுத்துவிட்டது" என்று நிறுத்திவிடுகிறார்கள். தோழர்களே, அது வைத்தியத்தால் வந்த புண். முடிந்த சில வாரத்தில் ஆறிவிடும். நடுவில் நாள் விட்டால், விட்ட நாளில் புற்று மறுபடி தழைக்கிறது. குணமாகும் வாய்ப்பு குறைகிறது. திருவிழாவுக்கும் அமாவாசைக்கும் லீவு போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

குரல் பெரும்பாலோருக்குத் தேறிவிடும். சிலருக்குக் கொஞ்சம் கரகரப்பு தங்கும். லேசர் கொண்டு எடுக்கிற முறையும் உண்டு. சிறு புற்றுக்கு அதுவும் ஏறத்தாழ இதே பலன்தான். எது தக்கது என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பீடியை மாத்திரம் விட்டே தீரவேண்டும்; கதிர் வாங்கிக்கொண்டே புகைத்தால் பலன் குறைவதோடு, பின்னால் வேறிடத்தில் புதுப் புற்று வரவும் ஏதுவாகும்.

முடிந்தபிறகும், முக்கியமாக முதல் இரண்டு மூன்று வருஷம், சொன்ன தவணையில் போய்க் காட்டவேண்டும். திரும்பி வருவதென்றால் அநேகமாக அதற்குள்தான் வரும்.

சந்தேகமோ ஆட்சேபணையோ உள்ளவர்கள் சீட்டில் எழுதித் தாருங்கள். நேரில் கேட்க விரும்புகிறவர்கள் மேடைக்கு வரலாம்.