சொல்லிய பிள்ளைக்குப் பாதுகாப்பு

பள்ளியில் ஒரு மாணவனைச் சிலர் தொடர்ந்து சீண்டுவதைப் பிள்ளைகளின் சண்டை என்று தள்ளிவிட முடியாது. சண்டையில் இருவரும் ஏறக்குறைய சமம். மறுநாள் சேர்ந்து விளையாடுவார்கள். துன்புறுத்தல் அப்படியல்ல. அது வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, எதிர்த்து நிற்க முடியாதவர் மீது நடப்பது. நார்வேயில் இதை முறையாக ஆராய்ந்த டான் ஓல்வேயுஸ் வகுத்த இலக்கணம் அது. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது, சாப்பாட்டு டப்பாவைப் பிடுங்குவது, விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவது, வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுக் கேலி செய்வது எல்லாம் இதில் அடங்கும். "விளையாட்டுக்குத்தான் செய்தோம்" என்ற சமாதானம் எங்கும் உண்டு. விளையாட்டென்றால் இருவரும் சிரித்திருக்க வேண்டும்.

சீண்டுபவனும் சீண்டப்படுபவனும் மட்டும் இதில் இல்லை. பின்லாந்தின் ஆய்வாளர் கிறிஸ்டினா சால்மிவல்லி சுற்றி நிற்பவர்களைக் கவனித்தார். சிலர் கூடச் சேருகிறார்கள், சிலர் சிரித்து ஊக்கம் கொடுக்கிறார்கள், பலர் வாயைத் திறப்பதில்லை, ஒரு சிலரே தடுக்கிறார்கள். சிரிக்க ஆளில்லாவிட்டால் சீண்டுபவனின் வேகம் குறையும். அதனால் அந்நாட்டில் உருவான 'கிவா' திட்டம் வகுப்பு முழுவதற்கும் பயிற்சி தருகிறது. அடிபட்டவன் பக்கத்தில் போய் உட்காருவது, ஆசிரியரிடம் சொல்வது ஆகியவை அங்கே ஒவ்வொரு மாணவனின் கடமையாகக் கற்பிக்கப்படுகின்றன.

ஆனால் சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவர், சக மாணவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். ஆசிரியர்கள் விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். 2023 ஆகஸ்ட் 9 இரவு அவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. உடன் படித்தவர்கள் உள்ளிட்ட சிறுவர்கள் கைதானார்கள். அந்த மாணவர் வாய் திறந்ததில் குறையே இல்லை. சொன்னவரைக் காக்க ஏற்பாடு இல்லாததே குறை.

இதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வதும், மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைப்பதும் அதன் பரிந்துரைகளில் சில.

பள்ளி அளவில் செய்ய வேண்டியவை எளியவை, ஆனால் தவறாமல் செய்ய வேண்டியவை. புகாரைத் தேதியுடன் எழுதி வைக்க வேண்டும். சொன்னவரின் பெயர் வகுப்பில் கசியக் கூடாது. இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்கச் சொல்வது பாதிக்கப்பட்டவனை மேலும் சிக்கவைக்கும். தனித்தனியாக விசாரிப்பதே முறை. அடுத்து வரும் வாரங்களில் கழிப்பறைப் பக்கம், மாடிப்படி, பேருந்து நிறுத்தம் போன்ற இடங்களில் ஒரு பெரியவரின் கண் இருக்க வேண்டும். வீட்டில் பிள்ளை சொல்லும்போது, "நீ என்ன செய்தாய்?" என்று தொடங்காமல் முழுவதும் கேட்பது பெற்றோரின் பங்கு.

நேரில் சொல்லத் தயங்கும் மாணவர்களுக்காகத் தமிழகப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி வைக்கப்பட்டது. கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான 1098 எண்ணை இரவிலும் பகலிலும் கட்டணமின்றி அழைக்கலாம்.