வகுப்பு நீதியும் ஜனக் கணக்கும்

(குஜிலியம்பாறையில் கூடிய நம் சங்க மகாசபையில் நிகழ்த்திய உபந்நியாசம்)



சென்னைப் பட்டணத்தில் வாசிக்கவும் உத்தியோகம் பார்க்கவும் சென்றுள்ள நம் வாலிபர்கள், விடுமுறைக்கு ஊர் திரும்புங்கால் ஒரு வாதத்தையும் உடன் கொணர்கின்றனர். "இடஒதுக்கீடு இனி எதற்கு?" என்பார் ஒரு சாரார். "நம் குலத்தாருக்கெனத் தனிப் பங்கு வேண்டும்" என்பார் மற்றொரு சாரார்.

முதற் சாராருக்குச் சரித்திரமே விடை பகரும். நீதிக்கட்சியார் ஆட்சியில் 1921-ஆம் ஆண்டு பிறந்த வகுப்புவாரி உத்தரவு பலமுறை திருத்தம் பெற்றது. அது முடிவில் நின்ற வகையில், கல்லூரியின் ஒவ்வொரு 14 ஸ்தானங்களில் பிராமணரல்லாத ஹிந்துக்களுக்கு 6, பிற்பட்ட ஹிந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, கிறிஸ்தவர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. வைத்தியக் கல்லூரி இடம் பற்றிச் செண்பகம் துரைராஜன் என்னும் அம்மையார் 1950-இல் சென்னை ஐக்கோர்ட்டில் வழக்காட, உத்தரவு செல்லாதாயிற்று. அவ்வம்மையார் கல்லூரிக்கு விண்ணப்பமே அனுப்பியவரல்லர் என்பது விநோதம்! 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியின் பின் அவ்வாண்டு ஜூனிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15-ஆம் பிரிவில் 4-ஆம் உட்பிரிவு சேர்ந்தது. வானம் பார்த்த புன்செய்க்காரரின் பிள்ளைகள் இன்று டாக்டராவது அந்த வாயில் வழியேதான்.

இனி தனிப் பங்கு. மிகவும் பிற்பட்டோருக்குரிய 20 சதவிகிதத்தினுள் வன்னியருக்கு 10.5 சதவிகிதம் பிரித்தளித்த 2021-ஆம் ஆண்டுச் சட்டம், 2022 மார்ச் 31-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் வீழ்ந்தது. உட்பங்கே கூடாதென்று கோர்ட்டு கூறிற்றில்லை. பழைய புள்ளிகளை வைத்துப் பிரித்தது போதாதென்றே கூறிற்று. அருந்ததியருக்கு 2009-இல் அளித்த 3 சதவிகிதமோ 2024-இல் நிலைபெற்றது. எனவே ஊர்வலமும் கோஷமும் கோர்ட்டு வாசலோடு நின்றுவிடும். உள்ளே செல்வது கணக்கு ஒன்றே.

அக்கணக்கு எங்கே? சாதிவாரியாக முழுமையும் எடுத்து வெளியிட்ட ஜனக்கணக்கு 1931-ஆம் ஆண்டினது. அடுத்த ஜனக்கணக்கில் சாதியையும் சேர்ப்பதென மத்திய மந்திரிசபை 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி முடிவு செய்தது. அதற்கு 2027 மார்ச் 1-ஆம் தேதி ஆதார நாளாக அறிவிக்கப்பட்டது.

நம்மவர் நிலை யாது? தமையன் சர்டிபிகேட்டில் ஒரு பெயர், தம்பியினதில் வேறொரு பெயர். பட்டப்பெயரையே சாதிப் பெயராக எழுதியோரும் உளர். இவ்வாறு சிதறினால் ஒரு குலமே பல சிறு குலங்களாகக் கணக்கில் விழும். தொகையைப் பெருக்கிச் சொல்வதும் நமக்கு உடன்பாடன்று. ஒவ்வொரு சாதி மகாநாட்டிலும் மார்தட்டிச் சொல்லும் தொகைகளைக் கூட்டினால், திண்டுக்கல் ஜில்லாவைப் போல் மூன்று ஜில்லா வேண்டியிருக்கும்!

மற்றுமொன்று. நம் தோட்டங்களில் உழைப்போரின் குடியிருப்புக்கும் கணக்கெடுப்போர் தவறாது செல்லவேண்டும். அவர்கள் சார்பில் நாம் திண்ணையிலிருந்து விடை சொல்லிவிடுவது முறையன்று. நம் பங்கைக் கேட்கும் நியாயம் அவர்கள் பங்கையும் கேட்கிறது. வீட்டுப் பெண்மக்களும் கேள்விகளை அறிந்திருத்தல் நலம். ஆடவர் வெளியூர் சென்றிருப்பின் விடை கூறுவோர் அவர்களே.

குடும்பந்தோறும் உள்ள சர்டிபிகேட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்க, ஞாயிறுதோறும் காலையில் காரியதரிசியார் சங்கக் கட்டிடத்தில் இருப்பார். பெயர் மாறுபாடுள்ளோர் அசலையே கொணர்க.