காவல் காக்கும் மரபணு



புற்றுநோய் முன்வினைப் பயன் என்று நம் தெருக்களில் இன்றும் சொல்வோர் உண்டு. நோயாளியின் தட்டையும் குவளையையும் ஒதுக்கி வைக்கும் வீடுகளையும் கண்டிருக்கிறோம். தனிக்குவளையின் துயரம் அறிந்த நாமே அதைச் செய்யலாமா? இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவதன்று. உயிரணுவுக்குள் நேரும் பழுது.

நாம் அறிவியல் பட்டம் பெற்றோமல்லோம், படித்தறிந்ததைக் கூறுகிறோம். உயிரணுவின் மரபுப்பொருள் பழுதுற்றால், அவ்வணு பெருகாமல் தடுப்பதும், பழுது தீராவிடில் அதனை அழியச் செய்வதும் பி-53 என்னும் மரபணுவின் பணி. 1979இல் இதன் புரதத்தைக் கண்ட அறிஞர்கள், இதுவே புற்றுநோயைத் தூண்டுகிறது என்று கருதினர். ஆய்வுக்கு எடுத்தது சிதைந்த படி என்பது 1989இல்தான் தெளிவாயிற்று. பத்தாண்டுக் காலம் காவற்காரனே கள்வன் எனப் பழி சுமந்தான்! அத்தகைய பழி நமக்குப் புதிதன்று.

மனிதரிடம் மரபணுவை நீக்கிப் பார்த்தல் தகுமோ? ஆகவே சுண்டெலி. 1992இல் அமெரிக்க அறிஞர் டோனஹோவர் குழுவினர் பி-53 அறவே இல்லாத எலிகளை உருவாக்கினர். அவை இயல்பாகவே வளர்ந்தன. ஆயினும் ஆறு மாதத்திற்குள் 100க்கு 74 கட்டிகளுக்கு ஆளாயின.

மிகுந்தால் நன்மையோ? 2002இல் ஸ்பெயின் நாட்டில் இம்மரபணுவின் கூடுதல் படிகளைப் பெற்ற எலிகள் நோயை நன்கு எதிர்த்தன, மூப்பும் விரையவில்லை. ஆனால் அதே ஆண்டு டோனஹோவர் குழுவினர் வெளியிட்ட முடிவு வேறு. காவல் அளவுகடந்து முடுக்கப்பட்ட அவர்தம் எலிகள் புற்றுநோய்க்குத் தப்பின. எனினும் எலும்பு மெலிந்து, முதுகு கூனி, காலத்திற்கு முன்பே மூப்படைந்து இறந்தன.