வேகம் காக்கும் கருவியும் நமது சாரதிகளும்

(மன்றத்தின் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைத் தலைவர் அறிவித்தபோது சிலர் புன்னகை செய்ததைக் கண்டேன். அதில் நியாயம் இருக்கிறது. உடப்புசல்லாவையில் நேரான வீதி என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. இராகலையிலிருந்து இங்கு வந்து சேருவதற்குள் வயிறு புரளாத பிரயாணியும் கிடையாது. இப்படிப்பட்ட மலைக்குள் இருந்துகொண்டு, சாரதி காலை எடுத்த பின்பும் தன் வேகத்தைத் தானே காத்து ஓடும் மோட்டார் வண்டியைப் பற்றி இவன் ஏன் பேச வருகிறான் என்று எண்ணியிருப்பீர்கள்.

நமது இளைஞரில் எத்தனை பேர் இன்று சாரதித் தொழிலில் இருக்கின்றனர் என்று உங்கள் உங்கள் லயத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். கொழும்பில் முதலாளி வீட்டுக் கார் ஓட்டுபவர் இருக்கிறார். ஊரில் வாடகை வான் ஓட்டுபவர் இருக்கிறார். கட்டாரிலும் சவூதியிலும் கம்பெனி வண்டி ஓட்டிப் பணம் அனுப்புபவர் இருக்கிறார். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறக்கப்பட்ட பின், ஜப்பானிலிருந்து வந்து இறங்கும் கார்களில் பலவற்றின் ஸ்டியரிங் சக்கரத்திலே ‘குரூஸ் கொன்ட்ரோல்’ என்னும் இந்தக் கருவியின் பொத்தான்கள் இருக்கின்றன. பொத்தான் இருக்கிறது, அதைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார்தாம் இல்லை. அதனால்தான் பேச வந்தேன்.

பெரியோர்களுக்கு இதன் தத்துவம் புதியதன்று. தேயிலை ஸ்டோரில் எண்ணெய் எஞ்சின் ஓடிய காலத்தைக் கண்டவர்கள் இந்தச் சபையில் இருக்கக்கூடும். எஞ்சினின் பக்கத்தில் இரண்டு இரும்புக் குண்டுகள் சுழன்றுகொண்டிருக்கும். ரோலரில் கொழுந்தைக் கொட்டியதும் பாரம் கூடி எஞ்சின் தளரும். தளர்ந்ததும் குண்டுகள் தாழும். தாழ்ந்ததும் எண்ணெய் கூடுதலாகப் பாயும். எஞ்சின் பழைய வேகத்துக்கு மீளும். ‘கவர்னர்’ என்று பெயர் பெற்ற அந்தக் கருவியை 1788 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் தமது நீராவி எஞ்சினுக்குப் பூட்டினார். காரில் உள்ளதும் அதன் பேரப்பிள்ளைதான். இரும்புக் குண்டுகளுக்குப் பதிலாக மின்னணு மூளை ஒன்று சக்கரத்தின் வேகத்தை அளந்துகொண்டே இருக்கிறது. குறைந்தால் எரிபொருளைக் கூட்டுகிறது, கூடினால் குறைக்கிறது.

காருக்கு இதைக் கொண்டுவந்தவரின் கதை வியப்புக்குரியது. அவர் பெயர் ரால்ஃப் டீட்டர். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1890 இல் பிறந்தவர். ஐந்தாம் வயதில் நேர்ந்த விபத்தொன்றில் இரு கண்களையும் இழந்தார். இழந்தும் படித்துப் பொறியியலாளர் ஆனார்; 1936 இல் அந்நாட்டு மோட்டார்ப் பொறியியலாளர் சங்கத்துக்கே தலைவரானார். அவருடைய வழக்கறிஞர் காரோட்டும்போது பேசினால் வேகத்தைக் குறைப்பாராம், பேச்சை நிறுத்தினால் கூட்டுவாராம். பக்கத்தில் இருந்த கண் தெரியாத மனிதருக்கு அந்தக் குலுக்கல் பொறுக்க முடியவில்லை. அதிலிருந்து பிறந்த கருவிக்கு 1950 இல் காப்புரிமை கிடைத்தது. 1958 இல் கிரைஸ்லர் கம்பெனி அதைத் தன் கார்களில் பொருத்தி, ‘ஓட்டோ பைலட்’ என்று பெயரிட்டது. தானே ஓட்டும் மாலுமி என்பது பொருள். அந்தப் பெயரே ஒரு பொய். வண்டியைத் தானே ஓட்டும் கருவி அன்று அது. ஒரு வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் கருவி. பெயரைக் கேட்டு நம்பியவர்கள் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சாதாரணக் கருவியை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்னே போகும் லொறி தெரியாது, வளைவு தெரியாது, மழை தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஓர் எண். நீங்கள் 80 என்று பதித்தால் 80 ஐக் காக்கும். பிரேக்கை மிதித்தால் விட்டுவிடும். கிளட்ச் உள்ள வண்டியில் கிளட்சை மிதித்தாலும் விட்டுவிடும். ஆனால் பதித்த எண்ணை மறக்காது. அதிவேக நெடுஞ்சாலையில் 100 என்று பதித்துவிட்டு வெளியே இறங்கி, 50 க்கு மேல் போகக்கூடாத ஊர் வீதியில் ‘றிசியூம்’ என்னும் பொத்தானில் விரல் பட்டால், வண்டி அந்தப் பழைய 100 ஐ நினைத்துக்கொண்டு பாயத் தொடங்கும். ஆகவே நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் முன்னரே பிரதான பொத்தானை அணைத்துவிட வேண்டும். விளக்கு அணைந்ததா என்று கண்ணால் பார்க்கவும் வேண்டும்.

நமது மலைவீதிகளில் இதைப் போடவே கூடாது. வளைவில் வேகம் குறைய வேண்டும். இதுவோ அதே வேகத்தைக் காக்கும். இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். பல வண்டிகளில் இந்தச் சாதாரணக் கருவிக்கு எரிபொருளைக் குறைக்க மட்டுமே தெரியும், பிரேக் பிடிக்கத் தெரியாது. றம்பொடை இறக்கத்தில் 40 என்று பதித்துவிட்டு ஒருவர் நம்பியிருந்தால், பாரம் ஏற்றிய வான் 50 ஐயும் 60 ஐயும் தாண்டி உருளும். இறக்கத்தில் வேகத்தைக் காப்பது தாழ்ந்த கியர்தான். டொயோட்டா ஹைபிரிட் கார்களில் ‘பி’ என்று ஒரு நிலை வைத்திருப்பதும் அதற்காகவே. பிரேக்கை மாத்திரம் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும் என்பதை லொறி ஓட்டும் நம் அண்ணன்மாருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மழைக்கும் இது ஆகாது. தேங்கிய நீர் சக்கரத்தை இழுக்கும்போது வண்டி சற்றுத் தளரும். தளர்ச்சியைக் கண்ட கருவி, காரணம் அறியாமல் மேலும் விசை கொடுக்கும். வழுக்கும் தரையில் கொடுக்கக்கூடாதது அதுதான். அதிவேக நெடுஞ்சாலையில் கடும் மழையின்போது வேகத்தை 60 ஆகக் குறைக்கச் சொல்வார்கள். அப்போது கருவியை அணைத்துவிட்டுக் காலால் ஓட்டுவதே முறை.

இனி இரண்டாவது வகை. ‘அடப்டிவ் குரூஸ் கொன்ட்ரோல்’ என்பார்கள். முன்னால் போகும் வண்டியைப் பார்த்து இடைவெளி காக்கும் கருவி என்று நாம் சொல்லலாம். 1995 இல் மிட்சுபிஷி கம்பெனி லேசர் ஒளியைக் கொண்டு இத்தகைய ஒன்றைச் செய்தது. 1999 இல் மெர்சிடிஸ் பென்ஸ் றேடார் கொண்டு செய்தது. முன்னே போகிறவர் தளர்ந்தால் இதுவும் தளரும், பிரேக்கும் பிடிக்கும். அவர் விலகினால் பதித்த வேகத்துக்கு மீண்டும் ஏறும். நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் சாதாரணக் கருவியை யாரும் அதிகம் நம்புவதில்லை; இதைத்தான் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். அபாயமும் அங்கேதான்.

இதன் கண் எப்படிப் பார்க்கிறது என்று விளங்கிக்கொண்டால் அது எங்கே குருடாகும் என்பதும் விளங்கும். வீதியோரப் பலகை, பாலம், கம்பம் ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்தால் பிரயாணம் செய்ய முடியாது அல்லவா? ஆகவே அசையாமல் நிற்கும் பொருள்களைப் பெரும்பாலும் பொருட்படுத்தாதபடி றேடாரைப் பழக்கியிருக்கிறார்கள். அதன் விளைவு என்ன? பழுதாகி நெடுஞ்சாலையில் நிற்கும் லொறியை அது கண்டுகொள்ளாமல் போகலாம். குறிப்பாக, முன்னே போன கார் கடைசி நொடியில் விலகி, அதற்கப்பால் நிற்கும் லொறி திடீரென்று வெளிப்பட்டால், கருவி ‘பாதை திறந்துவிட்டது’ என்று வேகத்தைக் கூட்டவும் கூடும். வளைவிலே றேடாரின் கதிர் நேராகப் போய்விட, முன்னால் போகும் வண்டி பார்வையிலிருந்து தப்பிவிடும். மோட்டார் சைக்கிள் போன்ற சிறிய உருவங்களை அது பிந்தியே காணும். தெருநாயையும் குறுக்கே வரும் மாட்டையும் காண்பதற்கு உத்தரவாதமே இல்லை. மூடுபனி நமக்கு மறைப்பது போல, வண்டியின் கமராவுக்கும் மறைக்கும்.

இந்த இடத்தில் பெரியோர்கள் கோபிக்காமல் ஒன்று கேட்க வேண்டும். புதிய வண்டி வாங்கியதும் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்கிறோம், வேண்டியதுதான். ஆனால் சந்தனமும் குங்குமமும் குழைத்து அப்புவது எங்கே? வண்டியின் முகத்தில் உள்ள இலச்சினையில். பல டொயோட்டா கார்களில் றேடார் இருப்பது சரியாக அந்த இலச்சினைக்குப் பின்னால்! அதன்மேல் மாலையும் தொங்குகிறது. உள்ளே கண்ணாடியின் மேற்பகுதியில், கமராவுக்கு முன்னே, படமும் ஸ்டிக்கரும் ஒட்டிவிடுகிறோம். பொட்டை பொனட்டில் வைத்தால் இறைவன் ஏற்றுக்கொள்ளமாட்டாரா? ஐயர்மாரிடம் இதைச் சொன்னால் அவர்களும் மறுக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். முன் பம்பர் இடிபட்டு வேலை செய்த வண்டியாயின் றேடாரை மீண்டும் அளந்து நேராக்காமல் கருவியைப் பயன்படுத்தலாகாது.

இன்னொரு தொல்லை மொழி. ஜப்பானிலிருந்து வரும் காரில் எச்சரிக்கை ஜப்பானிய எழுத்தில் தோன்றும். ‘கருவி வேலை செய்யவில்லை, நீயே பிரேக் பிடி’ என்று அது கதறினாலும் நமக்குத் தெரிவது மஞ்சள் நிறக் கோடுகள்தாம். சில கார்களில் இடைவெளிப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தாலே இடைவெளி காக்கும் கருவி சாதாரணக் கருவியாக மாறிவிடும். சாரதியோ அது பிரேக் பிடிக்கும் என்று நம்பிக் காத்திருப்பார். திரையில் கார் படமும் அதன் முன்னே கோடுகளும் தெரிந்தால் இடைவெளி காக்கும் முறை. எண் மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் சாதாரண முறை. தன் வண்டியில் எது எப்படித் தெரிகிறது என்பதைப் பகலில், வண்டியை நிறுத்திவைத்து, படித்துக்கொள்ள வேண்டும்.

இடைவெளியைக் குறுக்கியும் நீட்டியும் வைக்கலாம். நம்மவர் குறுக்கித்தான் வைப்பார்கள். இடைவெளி விட்டால் எவனாவது உள்ளே புகுந்துவிடுவானாம்! புகுந்தால் புகட்டுமே. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 28 மீற்றர் ஓடுகிறது. ஒரு நொடி இடைவெளி என்பது அந்த 28 மீற்றர்தான். மனிதன் ஆபத்தைக் கண்டு காலைத் தூக்குவதற்கே அந்த நொடி போய்விடும். மிக நீண்ட இடைவெளியையே வையுங்கள்.

பெயரை நம்பியவர்களைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். 2016 மே மாதம் 7 ஆம் திகதி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ‘ஓட்டோ பைலட்’ என்ற அதே பெயர் தாங்கிய கருவியை இயக்கி ஓடிய டெஸ்லா காரொன்று, வீதியைக் குறுக்கே கடந்த பெரிய லொறியின் பக்கத்தில் மோதியது. காரில் இருந்தவர் இறந்தார். லொறிக்காரர் வழிவிடாததையும், காரில் இருந்தவர் கருவியை மிதமிஞ்சி நம்பிக் கவனத்தை விட்டதையும் அந்நாட்டு விசாரணையாளர் 2017 இல் எடுத்துக் கூறினர். இடையில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஓடியும், அந்தப் பெயர் செய்த மயக்கம் மாறவில்லை.

இனி நான் சொல்லப்போவது நம்மோடு மிக நெருங்கியது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வெளிநாடு செல்லும் ஒரு சகோதரியைக் கட்டுநாயக்காவில் அதிகாலை விமானத்துக்கு ஏற்றிவிட வேண்டும். வான் பேசுகிறோம். சாரதி பகலெல்லாம் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர். இரவு புறப்படுகிறார். கந்தப்பளை, நுவரெலியா, தலவாக்கலை, ஹற்றன், கினிகத்தேனை என்று வளைந்து வளைந்து இறங்குகிறார். அந்த வளைவுகளில் அவருக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு வளைவும் அவரைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். அவிசாவளை கழிந்து கடுவெலையில் நெடுஞ்சாலைக்குள் ஏறும்போது முதன்முறையாக வீதி நேராகிறது. குளிர் போய்ப் புழுக்கம் வருகிறது. பின்னால் எல்லாரும் உறங்குகிறார்கள். வேகத்தைப் பதித்துக் காலையும் எடுத்துவிட்டால், கைக்கும் காலுக்கும் வேலையே இல்லை. மணி இரண்டோ மூன்றோ. அப்போது வரும் தூக்கத்தை எந்தத் திறமைசாலியாலும் தடுக்க முடியாது.

கருவி இல்லாத வண்டியில் தூங்கியவன் கால் தளர்ந்தால், வண்டியும் கொஞ்சம் தளர வாய்ப்புண்டு. கருவி போட்ட வண்டிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. எசமான் உறங்குவதை அறியாத வேலைக்காரனைப்போல, அது 100 ஐ விசுவாசமாகக் காத்துக்கொண்டே போகும். நான்கு நொடி கண்ணயர்ந்தால் 110 மீற்றருக்கு மேல் கடந்துவிடும். மலையின் அத்தனை வளைவுகளிலும் தப்பி வந்தவரைச் சமதரை கொல்கிறது.

ஆகையால் சாரதிகளை நான் கேட்டுக்கொள்வது இது: இரவில், களைப்பில், இந்தக் கருவியைத் தொடாதீர்கள். பகலில், உலர்ந்த வீதியில், வாகனம் குறைந்த நெடுஞ்சாலையில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கால் நோவு குறையும், எரிபொருளும் மிஞ்சலாம், சட்டப்படியான 100 ஐத் தாண்டாமலும் இருக்கலாம். அப்போதும் வலது பாதம் பிரேக்கின் அருகே தரையில் இருக்கட்டும்; ஆசனத்தில் மடக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம்.

வண்டி பேசும் பெரியோர்களையும் கேட்கிறேன். அந்தச் சாரதி அன்று பகல் உறங்கினாரா என்று வாடகை பேசும்போதே விசாரியுங்கள். இரண்டு மணித்தியாலம் முன்னதாகப் புறப்படுங்கள். அவிசாவளையில் தேநீர்க் கடையோரம் வண்டியை நிறுத்தி, அவரை அரைமணி நேரம் படுக்கச் சொல்லுங்கள். ‘நேரமாகிறது தம்பி’ என்று அவசரப்படுத்தாதீர்கள். முன் ஆசனத்தில் நித்திரைக்காரரை அமர்த்தாமல், பேச்சுத் துணைக்கு ஒருவரை அமர்த்துங்கள்.

மண்டப வாசலில் மன்ற அங்கத்தவர் ஒருவருடைய கார் நிற்கிறது. அதில் நான் சொன்ன இரு முறைகளும் உள்ளன. கூட்டம் முடிந்ததும் சாரதி அண்ணன்மார் மூவர் மூவராக வந்தால், எந்தப் பொத்தான் எதற்கு, எந்த விளக்கு எதைச் சொல்கிறது என்று, எஞ்சினை ஓட்டாமலே தொட்டுக் காட்டுகிறேன்.