கேட்டால்தான் கிடைக்கும்

(கல்லூரியில் சேரும் மாணவ மாணவியருக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் நமது மும்பைக் கிளை நடத்திய கூட்டத்தில், ஒரு கல்லூரி அலுவலகத்தின் மாணவர் பிரிவில் பல வருடங்கள் பணியாற்றி ஓய்வு பெற்ற அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை.)

முன் வரிசையைக் காலியாக விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'கல்லூரியில் மாணவர்களுக்கு உள்ள வசதிகள்'. எந்தக் கல்லூரி, எந்தக் கோர்ஸ், கட்-ஆஃப் எவ்வளவு என்று பேச நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். சேர்ந்த பிறகு என்ன என்பதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அட்மிஷன் கிடைத்ததும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

நான் உட்கார்ந்திருந்த கவுண்டர் ஒரு சின்ன ஜன்னல்தான். அதற்கு வெளியே வந்து நிற்பவர்களில் நம் அகத்துக் குழந்தைகளைச் சுலபமாக அடையாளம் கண்டுபிடித்துவிடுவேன். பேசுவது அப்பாவாக இருக்கும். குழந்தை பின்னால் நிற்கும். "சார், இவளுக்கு பொனஃபைட் வேணும்" என்பார் அப்பா. "இவளுக்கு" பதினெட்டு வயது. மார்க் தொண்ணூறுக்குக் குறையாது. ஆனால் ஜன்னலில் தலையை நீட்டி, "மேடம், இந்த ஃபாரம் எங்கே கிடைக்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். கல்லூரியில் எல்லா உதவியும் உண்டு. ஆனால் எதுவும் தானாக வீடு தேடி வராது. தேதிக்குள் விண்ணப்பம் எழுதிக் கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.

முதலில் அறிவிப்புப் பலகை. இப்போது பலகை பாதி, மின்னஞ்சல் பாதி. சேர்ந்த முதல் மாதத்திலேயே பெரும்பாலான கல்லூரிகள் மாணவனுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்துவிடுகின்றன. அதைத் திறந்தே பார்க்காமல் மூன்று வருஷம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பரீட்சை ஃபாரத்தின் கடைசித் தேதி, இன்டர்னலின் தேதி, அட்டெண்டன்ஸ் குறைந்தவர்களின் பட்டியல் எல்லாம் அதில்தான் வரும். "எங்க வாட்ஸ்அப் குரூப்புல வரலையே சார்" என்று சொன்னால் லேட் ஃபீ குறையாது. வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், பலகை எதிரே ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். இதைச் செய்தாலே பாதி சங்கடம் வராது.

அடுத்தது ஸ்காலர்ஷிப். இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும்; ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். "நமக்கெல்லாம் யார் கொடுக்கிறா?" என்பது ஒரு கட்சி. "கை நீட்டறதாவது!" என்பது இன்னொரு கட்சி. இரண்டும் தப்பு. மத்திய அரசின் கல்வித் துறை, கல்லூரி மாணவர்களுக்கென்று ஒரு உதவித் தொகை கொடுக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் போர்டில் 80-வது பெர்சென்டைலுக்கு மேல் வந்திருக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரெகுலர் டிகிரி வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும். எல்லாப் பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். வருஷத்துக்கு 82,000 புதிய மாணவர்களுக்குக் கிடைக்கிறது. அதில் பாதி பெண்களுக்கு. பட்டப் படிப்பில் வருஷத்துக்கு 12,000 ரூபாய், முதுகலையில் 20,000 ரூபாய். பணம் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும்.

4.5 லட்சத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். கல்யாணத்துக்கும் சிராத்தத்துக்கும் சமைக்கப் போகிறவர்கள், சின்னக் கோவில்களில் கைங்கர்யம் செய்கிறவர்கள், தனியார் கம்பெனியில் ஐம்பது வயதில் வேலை போனவர்கள், பாட்டியின் பென்ஷனில் ஓடும் குடும்பங்கள் எல்லாம் இந்தக் கிளையிலேயே இருக்கின்றன. வெளியில் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம். அப்பா கேட்டரிங்கில் வேலை. முதல் வருஷம் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. பாஸ், புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் அதிலேயே நடந்தது. இரண்டாம் வருஷம் பிப்ரவரி மாதம் ஜன்னலுக்கு வந்து, "சார், இந்த வருஷம் பணம் இன்னும் வரலை" என்றாள். கம்ப்யூட்டரில் பார்த்தேன். ரின்யூவலுக்கு அவள் விண்ணப்பிக்கவே இல்லை. ஒரு தடவை கிடைத்தால் தானாக வந்துகொண்டிருக்கும் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். தேதி முடிந்து போயிருந்தது. மார்க்கெல்லாம் பிரமாதம், ஆனால் அந்த வருஷப் பணம் வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இரண்டு வீடுகளில் ட்யூஷன் எடுக்க ஆரம்பித்தாள். காலையில் ஏழு மணி லெக்சருக்கு வந்து தூங்கி வழிவதைப் பார்த்திருக்கிறேன்.

எனவே இரண்டு விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 50 சதவீதம் மார்க்கும் 75 சதவீதம் அட்டெண்டன்ஸும் தேவை. நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டால் முடிந்தது என்று எண்ணாதீர்கள். அது முதலில் கல்லூரிக்கு வரும். அங்கே சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் நகரும். அதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. "என் அப்ளிகேஷன் வெரிஃபை ஆயிற்றா?" என்று மாணவர் நேரில் வந்து கேட்க வேண்டும். கேட்டால் ஆபீஸில் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். கொஞ்சம் கோபித்துக்கொள்வார்கள்தான், வேலையும் நடந்துவிடும்.

மாநில அரசுகளுக்கும் இப்படித் திட்டங்கள் உண்டு. மஹாராஷ்டிராவில் இன்ஜினியரிங் போன்ற தொழிற்கல்விக்கு, வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள பொதுப் பிரிவுக் குடும்பங்களுக்குக் கட்டண உதவி இருக்கிறது. இதற்கு டொமிஸைல் சர்ட்டிஃபிகேட் வேண்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மூன்று தலைமுறையாக இருந்துவிட்டு, அந்த ஒரு காகிதத்தை வாங்காமல் ஆகஸ்ட் மாதத்தில் அலைகிற குடும்பங்களை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு முடிந்ததுமே வாங்கி வைத்துவிடுங்கள். கடன் தேவைப்படுகிறவர்களுக்கு 2024 நவம்பரில் மத்திய அரசு பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் பட்டியலில் உள்ள கல்லூரியில் இடம் கிடைத்திருந்தால் ஜாமீன் இல்லாமல், வீட்டை அடகு வைக்காமல் கடன் வாங்கலாம். வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம். வருஷத்துக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு அது கிடைக்கும்.

வெளியூரில் ஹாஸ்டலில் இருக்கும் குழந்தைகளுக்கு ஒரு சின்ன விஷயம். சொந்த ஊருக்குப் போக ரயிலில் இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் மாணவர்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. 2020-ல் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தினார்களே, அப்போதும் மாணவர் சலுகையை விட்டுவைத்தார்கள். கல்லூரியில் ஃபாரம் வாங்கிக்கொண்டு ரிசர்வேஷன் கவுண்டருக்குப் போக வேண்டும். நம் குழந்தைகள் தீபாவளிக்கு முதல் நாள் தத்காலில் டிக்கெட் எடுப்பார்கள்.

அட்டெண்டன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் சர்ட்டிஃபிகேட்டைக் கல்லூரிக்குத் திரும்பிய வாரமே கொடுத்து, நகலில் முத்திரையும் இன்வர்ட் நம்பரும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஹால் டிக்கெட்டை நிறுத்திய பிறகு ஆறு மாதத்துக்கு முந்தைய மஞ்சள் காமாலைக்குக் காகிதம் கொண்டு வந்தால் யார் நம்புவார்கள்?

அதே முத்திரை புகார்களுக்கும் உதவும். பல்கலைக்கழக மானியக் குழு 2023-ல் கொண்டு வந்த விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். எழுத்தில் கொடுத்த புகாருக்கு 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழக ஓம்புட்ஸ்பர்ஸனிடம் மேல்முறையீடு செய்யலாம். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டுகளைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-லேயே அறிவித்துவிட்டார்கள். தாராளமாகத் திரும்பக் கேளுங்கள்.

ராகிங் பற்றிப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1996-ல் சிதம்பரத்தில் நாவரசு என்ற மருத்துவ மாணவர் கொல்லப்பட்டார். 1997-ல் தமிழ்நாடு தடைச் சட்டம் கொண்டு வந்தது. பிறகு உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, முன்னாள் சி.பி.ஐ. டைரக்டர் ஆர்.கே. ராகவன் தலைமையிலான குழு 2007-ல் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகும் 2009 மார்ச்சில் ஹிமாசலத்தில் அமன் கச்ரூ என்ற பையன் இறந்தான். அந்த வருஷம் வந்த விதிகளால்தான் இப்போது மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி எழுதிக் கொடுக்கிறோம். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 24 மணி நேர உதவி எண் 1800-180-5522. குழந்தையின் போனில் நீங்களே பதிவு செய்து கொடுங்கள்.

இனி, சபையில் பேசத் தயங்குகிற ஒன்று. பெரும்பாலான கல்லூரிகளில் ஒரு அறையில் 'கவுன்ஸலர்' என்று பலகை தொங்கும். அந்த வழியாகப் போகும்போது நம் பிள்ளைகள் நடையை வேகமாக்குவார்கள். எங்கள் கல்லூரியில் நம்மவர் பையன் ஒருவன், வேறு ஊரிலிருந்து வந்து பேயிங் கெஸ்ட்டாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவிடம் போனில் "ஸௌக்யம், எல்லாம் பாஸ்" என்பான். உண்மையில் நான்கு பேப்பரில் ஏ.டி.கே.டி. கல்லூரிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அட்டெண்டன்ஸ் பட்டியலில் பேரைப் பார்த்து, ஒரு டீச்சர் அவன் ரூமுக்கே ஆள் அனுப்பிக் கூட்டி வந்து கவுன்ஸலரிடம் உட்கார வைத்தார். பெற்றோரை வரவழைத்தோம். அந்த அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மாமா, இது ரிக்கார்டுல ஏறுமா? நாளைக்குக் கல்யாணத்துக்குப் பார்க்கும்போது யாராவது சொல்லிடுவாளா?" என்பது. அவர் கெட்டவர் இல்லை. அப்படித்தான் நாம் பழகியிருக்கிறோம். அந்தப் பையன் ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து டிகிரி முடித்தான். டீச்சர் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்த சபையில் நான் சொல்ல விரும்பவில்லை.

மாணவர்களின் மனநலம் பற்றி ஆராய 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதே வருஷம் ஜூலையில், 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஒரு ஆலோசகராவது இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. எனவே சேரும் போதே, "கவுன்ஸலர் எந்த நாட்களில் வருகிறார், எந்த அறை?" என்று கேளுங்கள். கல்லூரியில் பேசத் தயக்கமாக இருந்தால் அரசின் டெலி-மானஸ் எண் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். ஜாதகம் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. பார்த்துவிட்டு அங்கேயும் போன் செய்யுங்கள்.

கடைசியாக விழாக்கள். ஆகஸ்டில் ஸேவியர்ஸ் கல்லூரியின் மல்ஹார், டிசம்பரில் ஐ.ஐ.டி.யின் மூட் இண்டிகோ. மூட் இண்டிகோ 1971-லிருந்து நடக்கிறது. "படிப்பை விட்டுட்டு என்ன கூத்து?" என்று கேட்காதீர்கள். மேடையில் ஆடுவது மட்டும் விழா இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, பஸ், ஸ்பான்ஸர், கணக்கு எல்லாமே பசங்கள்தான் பார்க்கிறார்கள். பர்ஸனாலிட்டி டெவலப்மென்ட் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுவதைவிட ஒரு விழாவின் உபசரிப்புக் கமிட்டியில் வேலை செய்வது மேல் என்பது என் அபிப்பிராயம். அதில் விருப்பம் இல்லாதவர்கள் என்.எஸ்.எஸ்.ஸில் சேரலாம். 1969-ல் காந்தி நூற்றாண்டில் 37 பல்கலைக்கழகங்களில் ஆரம்பித்தது. இரண்டு வருஷத்தில் 240 மணி நேர சேவை, ஏழு நாள் கிராம முகாம். "அங்கே சாப்பாடு எப்படி இருக்கும்?" என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். பசங்களே சமைக்கிறார்கள், உப்பு மட்டும் கூடக் குறைய இருக்கும் என்றேன்.

ஆனால் முதல் வருஷம் ஏதாவது ஒன்றில் மட்டும் சேருங்கள். மூன்று கமிட்டியில் பேர் கொடுத்துவிட்டு ஒன்றிலும் தலைகாட்டாதவர்களை எந்தக் கல்லூரியிலும் மதிக்கமாட்டார்கள்.

ஸ்காலர்ஷிப் போர்ட்டல் திறந்ததும், சனிக்கிழமை சாயங்காலங்களில் ஐந்து முதல் ஏழு வரை இதே ஹாலில் நான் உட்கார்ந்திருப்பேன். ஆதார், வங்கிப் புத்தகம், மார்க் ஷீட், வருமானச் சான்றிதழ் நான்கையும் கொண்டு வாருங்கள். வெளியூர் அங்கத்தினர்கள் தங்கள் கிளையிலும் இப்படி ஒருவரை உட்கார வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஃபாரத்தைக் குழந்தைதான் பூர்த்தி செய்ய வேண்டும். கூட வருகிற அப்பா அம்மாவுக்குக் கீழே காபி ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கிறேன்.