வருகைப் பதிவேடும் குடும்பமும்
(சங்கத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்கு இச்சங்கம் அரும்பாடு பட்டுள்ளது. பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னே நிற்கும் குடும்பம் பள்ளிக்கு வந்ததா என்பதே இன்று நாம் கேட்க விழைவது.

வீட்டு அடுப்பிற்கும் பள்ளிக்கும் உள்ள உறவை இந்நாடு நெடுநாள் முன்பே உணர்ந்தது. 1920ஆம் ஆண்டிலேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு அளித்தது. 1956இல் காமராசர் காலத்து மதிய உணவும், 1982இல் சத்துணவும், 2022இல் காலை உணவும் அதன்பின் வந்தன. உணவு கேளாமலே தட்டில் விழுகிறது. மற்ற உதவிகளோ கேட்டுப் பெற வேண்டியவை. இடர்ப்பாடு தொடங்குவது இங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரு சிறுமி பயின்றாள். திங்கட்கிழமைதோறும் வாராள். வகுப்பாசிரியர் கடிந்தார், "அம்மாவை அழைத்து வா" என்றார், நாமும் அவ்வாறே கூறினோம். தாய் வரவில்லை. பொங்கல் விடுமுறைக்குப் பின் சிறுமியும் வரவில்லை. தேடிச் சென்றபோது வீடு பூட்டிக் கிடந்தது. கட்டட வேலையில் சாரம் சரிந்து தந்தை இடுப்பொடிந்து படுத்ததும், திங்கள்தோறும் அவரை மருத்துவமனைக்குத் தாங்கிச் செல்லச் சிறுமி உடன் போனதும், செலவுக்குச் செங்கற்சூளை மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியதும், அண்டை வீட்டார் சொல்லியே நமக்குத் தெரிந்தன. அரசுப் பள்ளியில் பயிலும் பிள்ளையின் வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலும், நிரந்தரமாக முடங்கினாலும், அப்பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்பு நிதியாக இடும் திட்டம் அரசிடம் உண்டு. அதற்குரிய படிவம் நம் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. அச்சிறுமி பின்னர் நம் பள்ளிக்குத் திரும்பவே இல்லை.

தாய் ஏன் வரவில்லை? "அழைத்து வா" என்னும் சொல் நம் தெருக்களில் எவ்வாறு கேட்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. ஒருநாள் கூலி போகும். செருப்பைக் கழற்றி வாசலில் நிற்க வேண்டும். ஆசிரியர் அமர்ந்தபடியே பேசுவார். பேச்செல்லாம் பிள்ளையின் குறையாகவே இருக்கும். நாமும் அத்தெருவில் பிறந்தவர்தாம். நம் தாயும் அவ்வாறு வாசலில் நின்றவர்தாம். நாற்காலி கிடைத்தபின் அதனை மறந்தோம். கசப்பாயினும் இதனை இம்மேடையிலேயே சொல்லிவிடுதல் நன்று.

அதன்பின் நம் அறையில் இரண்டு நாற்காலிகளைப் பெற்றோர்க்கென இட்டோம். மூன்று நாள் தொடர்ந்து வாராத பிள்ளையின் வீட்டிற்கு, மாலையில், பெண்டிர் வேலையினின்று மீண்டபின், ஆசிரியை ஒருவர் செல்கிறார். "ஏன் அனுப்பவில்லை?" என்று கேளாது, "வீட்டில் யாருக்கேனும் உடல்நலம் இல்லையா?" என்றே தொடங்குகிறார். வாரமொருமுறை சத்துணவு அமைப்பாளரிடமும் கேட்கிறோம். எப்பிள்ளை இரண்டாம் முறையும் சோற்றுக்கு வந்து நிற்கிறது என்பதை அவரே முதலில் அறிகிறார். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஆறாம் வகுப்பிலேயே சரிபார்த்துவிடுகிறோம். துன்பம் வந்தபின் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு அலைவது யார்க்கும் இயலாது.

சூளைக்குச் சென்று மீள்வோரும் அறிய வேண்டியன உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று கூறித் தொடக்கக் கல்வி பெறும் பிள்ளையைச் சேர்க்க மறுத்தலை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. முன்பணத்திற்குக் குடும்பத்தையே கட்டி வைத்தலை 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஒழித்தது, அக்கடனும் செல்லாது. அச்சட்டம் தானே நடந்து சூளைக்குச் செல்லாது. மாவட்ட ஆட்சியருக்கு எவரேனும் தெரிவித்தாக வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதியினர் பெண்டிராகவும் இருத்தல் வேண்டும் என்பதும் அக்கல்விச் சட்டமே. கையொப்பம் இடுவதற்கு மட்டும் வாராதீர்கள்.

சங்கத்தாரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. தெருவுக்கு ஒரு தாயைத் தேர்ந்து தாருங்கள். ஒரு வீட்டில் படுக்கையோ, சாவோ, முன்பணமோ நேர்ந்தால் அன்றே நமக்கு அவர் சொல்லி அனுப்பட்டும். வரும் திங்கட்கிழமை மாலை பெயர்களை எழுதிக்கொள்ளப் பதிவேட்டுடன் காத்திருப்போம்.